மறுவெளியீட்டுக்குக் காசு கொடுக்கும் முன்

காரைக்குடியில் செம்பு அண்டா வேண்டுமா, பர்மாத் தேக்குத் தூண் வேண்டுமா, முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் போதும். கிராமபோன் குழாயைக்கூடத் துடைத்து வாசலில் வைத்திருப்பார்கள். ஹெவி மெட்டல் என்ற ராக் வகையின் இசைத்தட்டு மட்டும் கேட்கக்கூடாது. இத்தனைக்கும் இந்த ஊருக்குத் தட்டு வியாபாரம் புதிதில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன்பே சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக கிராமபோன் தட்டுகளை வெளியிட்டு விற்றவர். அவருடைய ஊரில் உட்கார்ந்துகொண்டு, அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் சிடி ஒன்றுக்காகச் சிங்கப்பூரிலிருந்து யார் எப்போது வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பவன் நான்.

இப்படி வாங்குவதில் ஒரு நன்மை உண்டு: அவசரப்பட முடியாது. மாமாவிடம் பெட்டியில் இடம் கேட்க வேண்டும், பணம் சேர்ப்பிக்க வேண்டும், அவர் பொங்கலுக்கு வருகிறாரா, முன்னோருக்கான படைப்புக்கு வருகிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் அந்த ஆல்பத்தின் எந்தப் பதிப்பு நல்லது, எந்த ஆண்டு வந்தது, யார் அதில் கைவைத்தார்கள் என்று துருவி முடித்துவிடலாம். இந்தத் துருவலிலேயே பாதி ஆயுள் போய்விட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். போகட்டும். பழைய ஆல்பங்களின் மறுவெளியீடுகளைப் பற்றியும் புதிய பாடல்களைப் பற்றியும் அதில் தெரிந்துகொண்டவற்றை, ராக்கும் மெட்டலும் கேட்கிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் கேட்கும் இடம். எங்களுடையது பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் பழைய வீடு. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கண்ணுக்கு அழகு, காதுக்குத் தொல்லை. வழுவழுப்பான பரப்பு ஒவ்வொன்றும் ஒலியைத் திருப்பி அடிக்கும். கல்யாண நாகஸ்வரத்துக்கு அது பொருந்தும். இரண்டு காலாலும் பேஸ் டிரம் மிதிக்கிற மெட்டல் பாட்டை வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) போட்டால், ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் எதிரொலியில் புதைந்துபோகும். அங்கே கேட்டுவிட்டுப் புதிய பதிப்பில் பேஸ் கலங்கலாக இருக்கிறது என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னால், அது வீட்டைப் பற்றிய தீர்ப்பு. மெத்தையும் துணி மூட்டையும் அடுக்கிய உள்ளறையில்தான் என் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது அவற்றையும் அணைத்துவிட்டு, கம்பி போட்ட ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். அது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பதிப்புக்கும் அதே ஹெட்போனாக இருந்தால் சரி.

அடுத்தது ஒலி அளவு. மற்ற எல்லாச் சர்ச்சைக்கும் அடியில் கிடப்பது இதுதான். ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துப் போட்டால், சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும். ஒலி கூடும்போது அடி ஒலிகளும் உச்சி ஒலிகளும் காதில் கூடுதலாகப் புலப்படும். காதின் அமைப்பு அப்படி. ரெக்கார்டு கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். 1990களில் தொடங்கிய போட்டியில் ஒவ்வோர் ஆல்பமும் முந்தையதைவிட உரக்கக் கத்தியது. உச்சங்களை நறுக்கி, மெல்லிய பகுதிகளைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிடியின் 16 பிட் ஒலிப்பதிவில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபெல் இடம் இருக்கிறது. அவ்வளவு பெரிய வளவைக் கட்டிவிட்டு விருந்தினர் அத்தனை பேரையும் திண்ணையில் நெருக்கி உட்கார வைத்த கதைதான்.

இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம். 2008இல் வந்தது. அதே பாடல்கள் அதே சமயத்தில் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமுக்கும் போயின. விளையாட்டில் இருந்த வடிவம் இவ்வளவு நசுக்கப்படவில்லை என்பதைக் கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட விளையாட்டுக்குள் இருந்த பாட்டில் டிரம்முக்கு உயிர் இருந்தது. ஆல்பத்தை மறுபடி மாஸ்டர் செய்ய, அதாவது அதன் இறுதி ஒலி அளவைத் திருத்தச் சொல்லி ரசிகர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். பாடல்கள் நல்ல பாடல்கள். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

ஒப்பிடும் வழி எளிது. ஸ்ட்ரீமிங் செயலியின் அமைப்புகளுக்குள் ஒலி அளவைச் சமன்படுத்தும் வசதி இருக்கும். அது இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலி உரப்பை அளக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. அது இயங்கும்போது உரத்த பதிப்பின் சாமர்த்தியம் செல்லாது. அதன் ஒலியைச் செயலி இறக்கிவிடும். மிச்சம் இருப்பது நசுங்கல் மட்டும். சிடியோடு சிடியை ஒப்பிடுவதானால், பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே உயரத்தில் கேட்கும்வரை உரத்ததைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு குரலை மறந்துவிட்டு ஸ்னேர் டிரம்மைக் கவனியுங்கள். அடி விழும்போது முகத்தில் படுகிறதா, அட்டைப்பெட்டியில் தட்டியதுபோல் இருக்கிறதா? சிம்பல் ஒலி மெல்லத் தேய்கிறதா, மணலை அள்ளி இறைத்ததுபோல் இரைகிறதா? மெல்லத் தொடங்கி வெடிக்கும் பாட்டு சோதனைக்கு நல்லது. நான் மெட்டாலிகாவின் 1986ஆம் ஆண்டு 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டை வைத்துக்கொள்கிறேன். அக்கூஸ்டிக் கிட்டாரிலிருந்து முழு இசைக்குழுவுக்குத் தாவும் அந்த இடத்தில் திடுக்கிடல் இல்லையென்றால் அந்தப் பதிப்பு எனக்கு வேண்டாம்.

எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பது இன்னும் நல்லது. அந்தப் பொறுப்பைப் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். கணினியில் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "எது பழையது, சொல்லுங்கள் சித்தப்பா" என்பான். விலை உயர்ந்த பதிப்புதான் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை நமக்குத் தெரியாமலே காதுக்குள் புகுந்து வேலை செய்யும். அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது என்பதால் அந்த ஆசைக்கு வழியில்லை.

மறுவெளியீடு என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே நடப்பது மூன்று வேறு வேலைகள். கலந்து முடித்த இறுதிப் பதிவை எடுத்து அதன் அளவையும் ஒலிச் சமநிலையையும் திருத்துவது ரீமாஸ்டர். தனித்தனியாகப் பதிவான குரல், கிட்டார், டிரம் ஆகியவற்றைத் திரும்ப எடுத்து முதலிலிருந்து கலப்பது ரீமிக்ஸ். பழைய சினிமாப் பாட்டுக்குத் தாளம் ஒட்டுகிற வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்றாவது, சில பகுதிகளைப் புதிதாக வாசித்தோ பாடியோ பழையதற்குள் செருகுவது. அட்டையில் மூன்றுக்கும் ஒரே மாதிரி மினுங்கும் ஸ்டிக்கர்தான் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கொடுத்தால் எதை வாங்குகிறோம் என்றே தெரியாது.

மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' 1988இல் வந்த நாளிலிருந்து அதில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் கிட்டார் கேட்கவில்லை என்று உலகமே புலம்புகிறது. 2018இல் ரீமாஸ்டர் வந்தபோது, இப்போதாவது கேட்கும் என்று பலர் பல தட்டுகள் அடங்கிய பெட்டிப் பதிப்புக்கு ஓடினார்கள். கேட்கவில்லை. கேட்க முடியாது, கலவையில் அடக்கிவைத்த பேஸை மாஸ்டரிங்கில் தனியே தூக்க வழி கிடையாது. அதற்கு ரீமிக்ஸ் வேண்டும், அதை இசைக்குழு செய்யவில்லை. என்னைக் கேட்டால் செய்யாததே சரி. அந்த வறட்டு ஒலிதான் அந்த ஆல்பத்தின் முகம்.

அதே நேரம், ரீமிக்ஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெயில்ஸ்' 2002இல் காது கூசும் அளவுக்கு நசுங்கி வந்தது. குழுவுக்கே அதில் மனக்குறை. 2013இல் முழு ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்து வெளியிட்டபோது உள்ளே இத்தனை கிட்டார் அடுக்குகள் இருந்தனவா என்று வியக்கும்படி ஆனது. ஜூடாஸ் பிரீஸ்டின் முதல் ஆல்பம் 'ராக்கா ரோலா' 1974இல் மெலிந்த ஒலியோடு வெளிவந்தது; ஐம்பது ஆண்டு கழித்து அவர்களுடைய பழைய தயாரிப்பாளர் டாம் அலம் அதை ரீமிக்ஸ் செய்தார். ஓபெத் குழுவின் 'டெலிவரன்ஸ்', 'டேம்னேஷன்' இரண்டும் 2015இல் அப்படி வந்தன. முன்னதை புரூஸ் சோர்டும் பின்னதை ஸ்டீவன் வில்சனும் கலந்தார்கள். இவற்றுக்கெல்லாம் நான் தயங்காமல் காசு கொடுப்பேன். இருந்த குறை என்ன, யார் திருத்தினார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது.

மூன்றாவது வகைதான் என்னால் பொறுக்க முடியாதது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் பிளாக் சப்பாத் குழுவுடன் கடைசியாகப் பாடிவிட்டு, அதே மாதம் 22ஆம் தேதி ஆஸி ஆஸ்போர்ன் மறைந்தார். அதன் பிறகு அண்ணன் மகன் அவருடைய தனி ஆல்பங்களைத் தேடத் தொடங்கினான். சென்னையில் பழைய சிடி விற்பவர் ஒருவரிடம் 'பிளிசார்ட் ஆஃப் ஆஸ்' வாங்கி வந்தான். போட்ட சிறிது நேரத்திலேயே எனக்கு உறுத்தியது. ஆஸியின் குரல் அதேதான். ராண்டி ரோட்ஸின் கிட்டாரும் அதேதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வாசிப்பது வேறு ஆட்கள். அட்டையைத் திருப்பி ஆண்டைப் பார்த்தேன்: 2002.

1980இல் அந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, டிரம் வாசித்தவர் லீ கெர்ஸ்லேக். உரிமைத்தொகை, பெயர் போடுவது தொடர்பாக இருவருக்கும் ஆஸி தரப்புக்கும் வழக்கு நடந்தது. 2002ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் இருவருடைய வாசிப்பையும் நீக்கிவிட்டு, பின்னர் மெட்டாலிகாவில் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோவையும், ஃபெயித் நோ மோர் குழுவின் மைக் போர்டினையும் வாசிக்கவைத்துச் செருகினார்கள். 1981ஆம் ஆண்டு 'டைரி ஆஃப் எ மேட்மேன்' ஆல்பத்துக்கும் இதே கதி. புதியவர்கள் இருவரும் தேர்ந்த கலைஞர்கள். குற்றம் அவர்கள் வாசிப்பில் இல்லை. ராண்டி ரோட்ஸ் 1982இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். இறந்தவரின் கிட்டாருக்குப் பின்னால், அவர் யாரோடு சேர்ந்து வாசித்தாரோ அவர்களை அழித்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து வேறு ஆட்களை நிறுத்துவதை என்னவென்று சொல்வது? 2011இல் மூலப் பதிவுகளையே திரும்ப வெளியிட்டார்கள். கெர்ஸ்லேக் 2020இல் காலமானார்.

அன்று மாலை மூலப் பதிவையும் 2002 பதிப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அண்ணன் மகனுக்கு முதலில் வித்தியாசம் பிடிபடவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே டிரம்மில் உருட்டிக்கொண்டு போகும் இடங்களை மட்டும் கவனிக்கச் சொன்னேன். கெர்ஸ்லேக் அங்கே பாட்டோடு சேர்ந்து சாய்வார். 2002 பதிப்பில் அது கடிகாரம் போல நேராக நடக்கும். அதன் பிறகு அவனுக்கு அந்த சிடி பிடிக்காமல் போய்விட்டது. ஆனாலும் விற்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதைச் செய்யக்கூடாது என்பதற்குச் சான்று வீட்டில் ஒன்று இருக்கட்டும். இன்னொன்று: அட்டையில் உள்ள பெயர்களை மட்டும் நம்பியும் பயனில்லை. 'டைரி ஆஃப் எ மேட்மேன்' முதன்முதலில் வந்தபோதே, வாசித்த டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் பெயர்களை விட்டுவிட்டு, பின்னர் சேர்ந்த ரூடி சார்சோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் பெயர்களைத்தான் போட்டிருந்தார்கள்.

மெகாடெத் குழுவின் 'ரஸ்ட் இன் பீஸ்' 1990இல் வந்தது. 2004இல் குழுவின் பாடகர் டேவ் மஸ்டெய்ன் அதை ரீமிக்ஸ் செய்தபோது சில பாடல்களில் குரலையும் புதிதாகப் பாடிச் சேர்த்தார். ஆல்பத்தின் முதல் முகம் எப்படி இருந்தது என்பதை அறியாமலே வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு, ஏனென்றால் அவர்கள் கடையில் கண்டது இந்தப் பதிப்புதான். பாடியவரே தன் பாட்டைத் திருத்துவதற்கு உரிமை இல்லையா என்று கேட்பார்கள். தாராளமாகத் திருத்தட்டும். பழையதையும் பக்கத்தில் வைத்துவிட்டுத் திருத்தட்டும். ஸ்ட்ரீமிங்கில் என் பெரிய குறையும் இதுதான்: பல ஆல்பங்களுக்கு ரீமாஸ்டர் மட்டுமே இருக்கும், மூலம் இருக்காது. நேற்று வரை கேட்ட பதிப்பு இன்று வேறாக இருந்தாலும் யாரும் தண்டோரா போடுவதில்லை. மிகவும் பிடித்த ஆல்பங்களைப் பழைய சிடியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் அச்சான சிடிகள் பெரும்பாலும் மெல்ல ஒலிக்கும். குமிழைத் திருகினால் சரியாகிவிடும்.

பெட்டிப் பதிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவை எனக்குக் கட்டுப்படியாவதில்லை. லெட் செப்பலின் ஆல்பங்களை அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் 2014, 2015 ஆண்டுகளில் மறுவெளியீடு செய்தபோது, பெரும்பாலானவற்றோடு முற்றுப்பெறாத கலவைகள் அடங்கிய துணைத் தட்டு ஒன்றைக் கொடுத்தார். சாதாரண இரட்டைத் தட்டு விலையிலேயே அது கிடைத்தது. அப்படிச் செய்தால் வாங்கலாம். சுவரொட்டி, பொத்தான், போலி டிக்கெட், கையெழுத்துப் படியின் நகல் ஆகியவற்றால் பெட்டியை நிரப்பியிருந்தால், எடைக்குத்தான் காசு போகிறது. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் பொருளின் விலையோடு சுங்கவரி, அதன்மேல் கூரியர்காரரின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜப்பானியப் பதிப்புகளில் கூடுதல் பாட்டு இருக்கும். அதற்காக வாங்குவது நியாயம். எஸ்.எச்.எம். சிடி என்று தனி விலை சொல்வார்கள். அது தட்டு செய்யும் பிளாஸ்டிக்கைப் பற்றியது; ஒரே மாஸ்டராக இருந்தால் உள்ளிருக்கும் எண்கள் அதேதான்.

வினைல் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊர் வெயில் ஒரு பகை. சித்திரையில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் தட்டை வைத்தால் அப்பளம் போல் வளையும். கூரியர் பெட்டி வாசலில் வெயிலில் கிடந்தால் உடனே பிரிக்காமல், தரைத்தள அறையில் ஓர் இரவு படுக்கைவாட்டிலேயே வைத்துவிட்டுப் பிரிப்பது என் வழக்கம். டிஜிட்டல் கலப்பே இல்லை, முழுக்க முழுக்க அனலாக் என்ற பேச்சையும் ஆராயாமல் நம்பாதீர்கள். உயர்தர வினைலுக்குப் பெயர்பெற்ற மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் தட்டுகள் பலவற்றில் டிஜிட்டல் கட்டம் ஒன்றைப் பயன்படுத்தியது 2022இல் வெளியே வந்து, வழக்கு வரை போனது. அதுவரை எந்தக் காதும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்த பகுதி.

இனி புதிய பாடல்கள். முன்பெல்லாம் முன்னோட்டமாக ஒரு தனிப்பாட்டு, அதாவது சிங்கிள் வரும், பிறகு ஆல்பம் வரும். இப்போது ஆல்பம் வருவதற்குள் அதன் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கேட்டு முடித்திருப்போம். மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' பன்னிரண்டு பாடல்கள் கொண்டது. 2023 ஏப்ரலில் வருவதற்கு முன்பே நான்கு வெளியாகிவிட்டன. 2022 நவம்பரில் முதலில் வந்த 'லக்ஸ் எட்டெர்னா' மூன்றரை நிமிடத்துக்குள் பறந்து முடிகிறது. அதைக் கேட்டு, பழைய வேகம் திரும்பிவிட்டது என்று கூத்தாடியவர்கள் பலர். முழு ஆல்பம் 77 நிமிடம், கடைசிப் பாட்டு மட்டும் பதினொரு நிமிடத்துக்கு மேல். முதல் சிங்கிள் கடைவாசலில் தொங்கும் சரக்கு. உள்ளே இருப்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது. அயர்ன் மெய்டன் 2021இல் 'தி ரைட்டிங் ஆன் தி வால்' வெளியிட்டபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. அந்த நிதானமான பாட்டு பலருக்குச் சப்பென்று இருந்தது. எனக்கு அப்போதே பிடித்தது, 'சென்ஜுட்சு' ஆல்பம் முழுதாக வந்தபின் இன்னும் பொருந்தியது.

ஆகையால் புதிய சிங்கிளைப் பற்றி என் அபிப்பிராயத்தை வெளியான அன்றைக்கே சொல்வதில்லை. வீடியோவைப் பார்க்காமல் ஒருமுறை, வேலையாக இருக்கும்போது ஒருமுறை, ஒரு வாரம் விட்டு ஒருமுறை கேட்கிறேன். வாரம் கழித்து வாய் தானாக முணுமுணுத்தால் பாட்டில் ஏதோ இருக்கிறது. ஜூடாஸ் பிரீஸ்டின் 'பேனிக் அட்டாக்' இந்தச் சோதனையில் எளிதாகத் தேறியது. மெகாடெத் தன் கடைசி ஆல்பத்துக்கு முன்னோட்டமாக 2025 அக்டோபரில் விட்ட 'டிப்பிங் பாயிண்ட்' வேகத்தில் குறைவைக்கவில்லை, மெட்டு மட்டும் மனத்தில் நிற்கவில்லை. ஸ்லீப் டோக்கன் குழு விஷயத்தில் வீட்டில் ஒற்றுமை இல்லை. 'எமர்ஜென்ஸ்' பாட்டில் ராப், பியானோ, கனத்த கிட்டார், கடைசியில் சாக்ஸபோன் எல்லாம் வரிசையாக வந்துபோகின்றன. எனக்கு அது ஒரே பாட்டாகச் சேரவில்லை. "நீங்கள் ஆல்பம் கேட்கிற காது வைத்திருக்கிறீர்கள், சித்தப்பா" என்கிறான் அண்ணன் மகன். ஆல்பம் வந்தபின் கேட்டேன். அதற்குள் வைத்துக் கேட்கும்போது கொஞ்சம் சேர்கிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் கானாடுகாத்தானில், பழைய வீடுகளைப் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அவர் நாட்டு மெட்டல் குழுவான கொஜிராவின் பனியன் போட்டிருந்தார். விடுவேனா? 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், பழைய சிறையான கான்சியர்ஜரியின் சாளரங்களில் நின்று கொஜிரா வாசித்தது பற்றி அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பாட்டு, ஓப்பரா பாடகி மரீனா வியோட்டியின் குரல், நடுவே அந்த டிரம். அந்தப் பதிவு தனி சிங்கிளாக வந்து, 2025இல் கிராமி விருதும் பெற்றது. அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அண்ணன் மகனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்: அடுத்த ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பில் இதைக் கூடுதல் பாட்டாகச் சேர்த்து, சாதாரணப் பதிப்பை முன்பே வாங்கியவர்களை இரண்டாம் முறை வாங்கவைப்பார்களோ என்று. அந்தப் பிரெஞ்சுக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, தான் எப்படியும் இரண்டையும் வாங்கிவிடுவதாகச் சொன்னார். நான் ஸ்ட்ரீமிங்கிலேயே கேட்டுக்கொள்வேன்.